நன்மையின் வேடத்தில்

சோதனை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன குடி, களவு, காமம், பகை ஆகியவையே. இவை தீயவை என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்து, மாலைதோறும் செபமாலை சொல்லி, தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் ஒருவரை மதுக்கடையைக் காட்டி அலகை அழைப்பதில்லை. அழைத்தாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். அத்தகையவரை நெருங்க அதற்கு வேறொரு வழி வேண்டும். அந்த வழியைத் தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் சுட்டுகிறார். சாத்தானும் ஒளியின் தூதனைப் போல் கோலம் பூண்டு வரக்கூடும் என்பது அவர் தரும் எச்சரிக்கை. இதை அவர் புற இனத்தாரை நோக்கி எழுதவில்லை. திருச்சபைக்குள்ளேயே திருத்தூதர் என்று தம்மை அழைத்துக்கொண்ட சிலரை மனத்திற்கொண்டே எழுதினார்.

ஆகவே ஆன்மிக ஏமாற்றம் என்பது பக்தி அற்றவரைக் காட்டிலும் பக்தி உள்ளவரையே மிகுதியும் நாடி வருவது. நன்மையின் வேடத்தில் வரும் தீமையை எவ்வாறு அடையாளம் காண்பது? அதற்கு நம் சொந்த அறிவும் நல்லெண்ணமும் மட்டும் போதுமா? இவ்விரு வினாக்களையே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

செட்டிநாட்டுப் பகுதியில் பணிபுரியும் குருக்கள் அனைவரும் அறிந்த முகம் ஒன்று உண்டு. கடல்கடந்து பிழைக்கச் சென்ற மகனுக்காகப் பீடத்தின்முன் முழந்தாளிட்டிருக்கும் தாயின் முகம் அது. அன்று ரங்கூனும் பினாங்கும் கொழும்பும். இன்று சிங்கப்பூரும் துபாயும் குவைத்தும். ஊர்ப் பெயர்கள் மாறினவே தவிர, கண்ணீர் மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய தாய் ஒருவர் நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். இங்கு நாம் எழுதுவது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து அவர் கூறியது. பிறருக்குப் பயன்படுமானால் எழுதலாம் என்று அவரே இசைவு தந்தது. கணவரை இழந்தவர். ஒரே மகன் வெளிநாட்டில் வேலை இழந்து தவித்த காலத்தில், மகனுக்காக வெள்ளிக்கிழமைதோறும் ஒருசந்தி இருக்கத் தொடங்கினார். அது நல்ல செயல். பின்னர் ஒரு வீட்டில் கூடிய செபக் குழுவில் சேர்ந்தார். அதுவும் நல்ல செயலே. அக்குழுவில் இறைவாக்கு உரைப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் இவருக்காகத் தனியே செபித்தார். இரண்டு மாதங்களில் மகனுக்கு வேலை கிடைத்தது. அதன்பின் அந்த மனிதர் சொன்னதெல்லாம் இவருக்கு ஆண்டவரின் வாக்காகவே பட்டது. ஒருநாள் அவர், வீட்டில் ஒரு சாபம் இருப்பதாகவும், மருமகள் கொண்டுவந்த நகைகளோடு அது வந்ததாகவும் ஆண்டவர் தமக்குக் காட்டியதாகக் கூறினார். நகைகள் கைமாறின. மருமகள் குழந்தையுடன் தாய்வீடு போய்ச் சேர்ந்தாள். தொடக்கத்திலிருந்து இதுவரை ஆன காலம் பத்து மாதங்கள்.

"சாமி, நான் செபம்தானே செஞ்சேன்? செபத்துல ஆரம்பிச்சது எப்படி இதுல வந்து முடிஞ்சுச்சு?" என்று அவர் கேட்டார்.

"அம்மா, இதையெல்லாம் நடக்கும்போது யாரிடமாவது சொன்னீர்களா?" என்று நாம் கேட்டோம்.

"இல்ல சாமி. யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா கிடைச்ச வரம் போயிரும், சாமியார்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

அவருடைய கேள்விக்கான விடை இந்த மறுமொழியிலேயே இருந்தது. அதனை நன்கு விளங்கிக்கொள்ள, திருச்சபையில் ஆவிகளைத் தேர்ந்து தெளியும் கலையை நெறிப்படுத்தித் தந்த புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்வை நாம் சற்று நோக்க வேண்டும்.

இஞ்ஞாசியார் போர்வீரராய் இருந்து, 1521-இல் பம்பலோனாக் கோட்டையில் காலில் குண்டடிபட்டு, படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பியவர். எருசலேம் சென்று மீண்டபின், 1524-இல், முப்பது வயதைக் கடந்த நிலையில், பார்சலோனா நகரில் இலத்தீன் இலக்கணம் கற்க அமர்ந்தார். வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் மனனம் செய்யப் புத்தகத்தைத் திறந்தவுடன், இறைவனைப்பற்றிய உயர்ந்த எண்ணங்களும் ஆன்ம இன்பமும் வெள்ளமாய்ப் பெருகி வந்தன. அவற்றை விலக்க முயன்றும் முடியவில்லை. பாடம் நின்றுபோயிற்று. வேறொருவராய் இருந்தால் இதனை இறைவனின் கொடை என்று மகிழ்ந்து இலக்கணத்தை மூடி வைத்திருப்பார். இஞ்ஞாசியாரோ தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். செபிக்கும்போதும் திருப்பலியின்போதும் இத்தகைய பேரொளி தமக்கு வருவதில்லையே, படிக்க அமரும்போது மட்டும் ஏன் வருகிறது என்பதே அக்கேள்வி. இது சோதனையே என்று மெல்ல மெல்ல உணர்ந்தார்.

அதன்பின் அவர் செய்ததுதான் நம் கவனத்திற்குரியது. தம் ஆசிரியரைப் புனித மரியா தெல் மார் ஆலயத்திற்கு அழைத்துச் சென்று அமரவைத்து, உள்ளத்தில் நிகழ்ந்ததை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். உண்ண ரொட்டியும் பருகத் தண்ணீரும் கிடைக்கும்வரை, இரண்டு ஆண்டுகள் பாடத்திற்குத் தவறாமல் வருவதாக உறுதி அளித்தார். அந்நாள் முதல் அச்சோதனை அவரை அணுகவே இல்லை என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, வந்த எண்ணங்கள் தம்மளவில் தீயவை அல்ல, புனிதமானவையே. இரண்டாவது, அவை அவருடைய அன்றைய கடமையை அவரிடமிருந்து பறித்தன. மூன்றாவது, வேறொருவரிடம் எடுத்துச் சொன்னவுடன் அவை வலிமை இழந்தன.

தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் அவர் வகுத்த விதிகளுள் இவை இடம்பெற்றிருக்கின்றன. ஓர் எண்ணத்தின் தொடக்கத்தை மட்டும் பார்க்காமல் நடுவையும் முடிவையும் பார்க்க வேண்டும்; மூன்றும் நல்லனவாக இருந்தால் அது நல்ல ஆவியின் தூண்டுதல்; முடிவு தீயதாகவோ, முன்பு எண்ணியதைவிடத் தாழ்ந்ததாகவோ, உள்ளத்தைக் கலக்குவதாகவோ இருந்தால் அது பகைவனின் வேலை. மேலும், ஒரு குடும்பப் பெண்ணை வஞ்சிக்க முயலும் தீயவன் தன் பேச்சு அவள் தந்தைக்கோ கணவனுக்கோ தெரியாதிருக்க வேண்டும் என்று விரும்புவதைப்போல, பகைவனும் தன் தூண்டுதல்கள் மறைவாகவே இருக்க வேண்டும் என்று விரும்புவதாக அவர் எழுதுகிறார்.

இவ்விதியைக் கொண்டு அந்தத் தாயின் கதையைப் பாருங்கள். தொடக்கம் ஒருசந்தி, நடுவில் கூட்டுச் செபம், முடிவில் நகையின் இழப்பும் குடும்பத்தின் பிளவும். இடையே, 'யாரிடமும் சொல்லாதே' என்னும் கட்டளை. வேலை கிடைத்தது உண்மை. ஆயினும் ஒரு வேண்டுதல் நிறைவேறியதனால், அதன்பின் சொல்லப்பட்ட அனைத்தும் இறைவாக்கு ஆகிவிடாது.

இனி, நமக்கு மிக அருகில் உள்ள ஒரு சான்றைக் காண்போம். நம் சிவகங்கை மறைமாவட்டத்தின் ஓரியூர் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளாத கத்தோலிக்கர் இப்பகுதியில் அரியர். இஞ்ஞாசியாரின் சபையைச் சேர்ந்த புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டுண்டு இறந்தார் என்பதை அனைவரும் அறிவோம். வாளுக்கு முன்னே வேறொரு சோதனையை அவர் வென்றதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

1686-இல் மறவ நாட்டில் அவர் சிறைப்பட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளாகிப் பின் விடுவிக்கப்பட்டார். சபையின் அலுவலாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். லிஸ்பன் நகரில் அவரை வரவேற்ற அரசர் இரண்டாம் பெத்ரோ, இளமையில் அவரோடு அரண்மனையில் பழகியவர். தம் மகனுக்கு ஆசானாக அவர் அங்கேயே தங்க வேண்டும் என்று அரசர் விரும்பினார். எண்ணிப் பாருங்கள். வருங்கால அரசனை நல்ல கிறிஸ்தவனாக வளர்ப்பது தீமையா? அரண்மனையில் இருந்துகொண்டே மதுரை மறைபரப்புப் பணிக்குப் பணமும் ஆளும் அனுப்பியிருக்கலாமே! வதைபட்டு நலிந்த உடலுக்கு ஓய்வும் கிடைத்திருக்குமே! இவற்றுள் ஒன்றுகூடப் பாவமன்று. ஆனால் அவர் அழைக்கப்பட்டிருந்ததோ இம்மண்ணுக்கு. 1690-இல் அவர் இந்தியா திரும்பினார். சிறிய நன்மையைக் காட்டிப் பெரிய நன்மையிலிருந்து ஒருவரை விலக்கிவிட முடியும் என்பதை அறிந்தவராகவே அவர் மறவ நாட்டில் மீண்டும் கால் வைத்தார் என்று நாம் தியானிக்கலாம்.

நம் உள்ளத்தை நாமே தீர்ப்பிடப் போதாது என்பதைச் செட்டிநாட்டு மக்களுக்கு விளக்குவது எளிது. நகரத்தார் பெருமக்களின் வணிக ஒழுங்கே அதற்கு எடுத்துக்காட்டு. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ முதலாளி இருப்பார். ரங்கூனிலோ மலேயாவிலோ கடையை நடத்த மேலாள் ஒருவரை அனுப்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. மூன்று ஆண்டு தவணை. நாள்தோறும் சிட்டை எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டி ஊருக்கு அனுப்ப வேண்டும். மேலாள் திருடர் என்பதனாலா கணக்குக் கேட்டார்கள்? இல்லை. நம்பிக்கைக்கு உரியவர் என்பதனால்தான் அத்தனை தொலைவு அனுப்பினார்கள். எனினும் எத்துணை நேர்மையானவரும் தம் கணக்குக்குத் தாமே இறுதி முத்திரை இடுவதில்லை. தவற்றை மறைக்க விரும்பாதவருக்கும் கூட்டல் பிழை நேரும். அதனைக் காண இன்னொருவர் கண் வேண்டும். பல்லாயிரம் மைல் தொலைவில் நடந்த வணிகம் நிலைத்து நின்றதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

நம் ஆன்மக் கணக்கையோ நாமே எழுதி, நாமே சரிபார்த்து, நாமே மெச்சிக்கொள்கிறோம்.

அவ்வாறு நேர்ந்தால் நேர்மையானவர்களும் எங்கே போய்ச் சேர்வார்கள் என்பதற்கு அண்டை நாடான திருவிதாங்கூரின் வரலாறு சான்று தருகிறது. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-இல் திருமுழுக்குப் பெற்று, ஆங்கிலிக்கத் திருச்சபையில் குருவானவர் யுஸ்துஸ் யோசேப்பு. வித்துவான் குட்டி என்று மக்கள் அழைத்த பெரும்புலவர். அவர் இயற்றிய பாடல்களை மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகின்றனர். 1875-இல் அவரைச் சூழ்ந்து ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. மக்கள் பாவங்களை அறிக்கையிட்டு அழுதனர். செபத்தில் இரவுகளைக் கழித்தனர். அந்த நெருப்பின் நடுவே, இன்னும் ஆறு ஆண்டுகளில், அதாவது 1881-இல், ஆண்டவர் மீண்டும் வருவார் என்னும் வாக்கு எழுந்தது. அதனால் அவர்களுக்கு 'ஆறாண்டுக் கூட்டத்தார்' என்றே பெயர் ஏற்பட்டது. 1881 வந்தது, சென்றது. பழைய சபைகளுக்குத் திரும்பினவரும் உண்டு. எஞ்சியவர்கள் யுயோமயம் என்னும் தனிச் சபையாய் நின்றனர். 1887-இல் அவர் காலமானார்.

அவரை வஞ்சகர் என்று நாம் சொல்லமாட்டோம். பொருள் தேடியவர் அல்லர். உள்ளம் உருகிப் பாடியவர். அவரிடம் இருந்த பக்தி குறைவன்று. ஆண்டவர் திரும்பி வரும் நாளையும் வேளையையும் தந்தை மட்டுமே அறிவார் என்னும் நற்செய்தியின் சொல்லை, உள்ளத்தில் எழுந்த ஓர் உறுதி மூடிவிட்டது. உறுதியாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது. எரேமியா நூலின் 28-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும் என்று அனனியா உறுதியோடு முழங்கினார். அவ்வாறே ஆகுக என்றார் எரேமியா. எனினும், அமைதியை முன்னுரைப்பவரின் வாக்கு நிறைவேறும்போதுதான் அவர் ஆண்டவரால் அனுப்பப்பட்டவர் என்பது விளங்கும் என்றார். நுகத்தை அவர் கழுத்திலிருந்து எடுத்து முறித்தபோது ஒன்றும் பேசாமல் தம் வழியே சென்றார். காத்திருக்க அஞ்சாமையே உண்மை இறைவாக்கினரின் இயல்பு.

திருச்சபையும் இவ்வாறே காத்திருக்கிறது. 1858-இல் லூர்து நகரில் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி தான் கண்ட காட்சியைக் கூறியபோது, பங்குத்தந்தை உடனே நம்பிவிடவில்லை. தோன்றிய அம்மையின் பெயரைக் கேட்டு வரும்படி அவளை அனுப்பினார். ஆயர் தம் தீர்ப்பை வெளியிட்டது 1862 ஜனவரியில். அதுவரை அச்சிறுமி எதையும் மறைக்கவில்லை; கேட்டவரிடமெல்லாம் கண்டதைக் கண்டவாறே சொன்னாள்; எளிய வீட்டில் வாழ்ந்தும் எவரிடமும் காசு வாங்கவில்லை. 'யாரிடமும் சொல்லாதே' என்னும் குரலுக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு!

திருப்பீடம் 2024 மே மாதம் வெளியிட்ட புதிய நெறிமுறைகள், இத்தகைய நிகழ்வுகளில் பணம், அதிகாரம், புகழ் ஆகியவற்றை நாடும் போக்கை எதிர்மறை அடையாளமாகக் குறிக்கின்றன. இயற்கைக்கு மேற்பட்ட அனுபவம் தமக்கு உண்டு என்று கூறி, அதனைக் கொண்டு மனிதரை அடக்கியாள்வதையும் தீங்கிழைப்பதையும் தனிப்பட்ட கனமான குற்றமாகக் கருத வேண்டும் என்றும் கூறுகின்றன. இந்த அளவுகோல் செபக் குழுத் தலைவருக்கு மட்டும் உரியதன்று. குருவானவரே ஒருவரை, 'இதை யாரிடமும் சொல்லாதே' என்று கட்டுப்படுத்துவாரானால், அவருக்கும் இதே அளவுகோல்தான். ஒப்புரவு அருட்சாதனத்தில் மறைபொருள் காக்கும் கடமை குருவுக்கே உரியது. தம் துயரைப் பிறரிடம் சொல்லும் உரிமையை எந்த ஆன்மாவிடமிருந்தும் அது பறிப்பதில்லை.

எனினும் இதனால் நாம் எதையும் நம்பாதவர்களாய் ஆகிவிடக் கூடாது. ஐயமே அறிவு என்று எண்ணுவதும் ஓர் ஏமாற்றம்தான். தூய ஆவியாரின் அனலை அணைத்துவிடாமல், அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுலடியார் பணிக்கிறார். நம் வள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆராயாமல் நம்புவதும் ஆராய்ந்து நம்பியவர்மேல் பின்பு ஐயுறுவதும் ஒருங்கே துன்பம் தரும் என்று அதனை முடிக்கிறார். அதே 2024-ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில், வேளாங்கண்ணித் திருத்தலத்தில் விளையும் ஆன்மிகக் கனிகளைப் போற்றி, விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சை ஆயருக்கு மடல் எழுதியதையும் நாம் மறக்கலாகாது. கால்கடுக்க நடந்து செல்லும் எளிய மக்களின் பக்தியைத் திருச்சபை ஐயத்தோடு பார்க்கவில்லை. கனிகளைக் கொண்டு மரத்தை மதித்தது.

அவ்வாறானால் நாள்தோறும் நாம் செய்யக்கூடியது என்ன? பெரிய கலை ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு செய்தியோ, தூண்டுதலோ, கைப்பேசியில் வந்த 'இறைவாக்கோ' நம்மை அசைக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்போம். இது என் இன்றைய கடமையிலிருந்து என்னை விலக்குகிறதா? இது என் வீட்டாரை நான் அன்பு செய்வதைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? இதை மறைக்கச் சொல்கிறதா? இப்பொழுதே செய்யாவிட்டால் தீங்கு வரும் என்று அச்சுறுத்துகிறதா? பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் துன்பம் நேரும் என்று வரும் செய்தி, கடைசிக் கேள்வியிலேயே தோற்றுப்போகிறது. கடவுள் நம்மைத் திருத்துவார், எச்சரிப்பார், மிரட்டி வேலை வாங்கமாட்டார். அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, பரிவு என்று கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் அடுக்கும் கனிகளுள் அச்சம் இடம்பெறவில்லை.

கேள்விகளுக்கு விடை தெளிவாகாதபோது ஒருவரிடம் சொல்வோம். அவர் பங்குத்தந்தையாகவோ, அருட்சகோதரியாகவோ, விவேகமுள்ள மூத்த உறவினராகவோ இருக்கலாம். நம்மை மெச்சுபவராய் இல்லாமல், நமக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு உள்ளவராய் இருத்தல் நலம்.

நம்மிடம் வந்த அந்தத் தாய் அவ்வாறே செய்தார். நகைகளைக் கேட்டுச் சென்றபோது கதவு திறக்கவில்லை, அவை திரும்பவில்லை. எனினும் நம் சொற்படி, அதுவரை மறைத்து வைத்திருந்ததைத் தம் மகனிடம் முதலிலும், மருமகளிடம் பின்பும் முழுவதும் சொன்னார். மருமகள் உடனே வந்துவிடவில்லை. ஓராண்டுக்குப்பின் உயிர்ப்புப் பெருவிழாவுக்குக் குழந்தையோடு வந்தாள். இன்றும் அவ்வீட்டில் வெள்ளிக்கிழமை ஒருசந்தி உண்டு, செபமும் உண்டு. ஆனால் கதவு திறந்திருக்கிறது. மருமகளும் உடன் அமர்ந்து செபிக்கிறாள்.

அன்பு வாசகர்களே, இரவில் படுக்கைக்குச் செல்லுமுன் ஐந்து மணித்துளிகள் ஒதுக்கி, அன்றைய நாளின் சிட்டையை இறைவன்முன் எழுதிப் பார்ப்போம். எங்கே மகிழ்ந்தோம், எங்கே கலங்கினோம், எந்த நல்லெண்ணம் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவரோடு சேர்ந்து கூட்டிப் பார்ப்போம். மறைக்க விரும்பும் பதிவு ஏதேனும் கண்ணில் பட்டால், அதையே முதலில் வெளிச்சத்திற்குக் கொணர்வோம். உண்மையைச் செய்பவர் ஒளியிடம் வருவார் என்பது நம் ஆண்டவர் நிக்கதேமுக்குச் சொன்ன நற்செய்தி. நிக்கதேமும் அதனை ஓர் இரவில்தான் கேட்டார். மறைந்து வந்து கேட்டவர், பின்னொரு நாள் கல்வாரியில் எல்லாரும் காண நின்றார். அவ்வருளை இறைவன் நமக்கும் தருவாராக.